சிலியாவுக்குத் திசை சொல்வது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இளங்கலை விலங்கியல் மாணவர்களுக்குக் கருவியல் பாடம் எடுக்கிறேன். வளரும் திசுவில் செல்கள் எப்படி ஒரே பக்கம் பார்க்கின்றன, அதற்கும் சிலியாவுக்கும் என்ன உறவு என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. கேள்விகள் முடிவதில்லை. வகுப்பில் கேட்டவை, வாட்ஸப்பில் வந்தவை, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்த அக்கம்பக்கத்தார் கேட்டவை எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. நோய் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிலியா என்றால் பாராமீசியத்தில் இருப்பதுதானே? நமக்கு எதற்கு அது?

பாராமீசியத்தை வரைந்து பாகம் குறித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் நம் உடம்பிலும் பெரும்பாலான செல்களில் குறைந்தது ஒரு சிலியாவாவது உண்டு. பள்ளிப் புத்தகம் குற்றிழை என்று சொல்வது இதைத்தான். நீளம் சில மைக்ரான், தடிமன் கால் மைக்ரான். உள்ளே ஓரத்தைச் சுற்றி ஒன்பது ஜோடி நுண்குழல்கள் நிற்கும். நடுவிலும் இரண்டு இருந்தால் 9+2 என்போம், இல்லையென்றால் 9+0.

மூச்சுக்குழாயின் உள்பரப்பில் ஒரு செல்லுக்கு 200 முதல் 300 சிலியா இருக்கும். அவை 9+2 வகை, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும். சிறுநீரகக் குழல் செல்லில் ஒன்றே ஒன்று, 9+0 வகை, அது அடிக்காது. வெளியே நடப்பதை உணர்ந்து உள்ளே சொல்வது அதன் வேலை. இந்த இரண்டிலும் சேராத ஒன்று கருவில் சில மணி நேரம் மட்டும் வந்துபோகும். அதுவும் ஒற்றை, அதுவும் 9+0, ஆனால் சுழலும். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு பெயரை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்: அடித்துகள். சென்ட்ரியோல் என்ற சிறு செல்லுறுப்பு செல்லின் மேல்பரப்புக்கு வந்து நின்றால் அதுதான் அடித்துகள். அது நிற்கிற இடத்தில்தான் சிலியா முளைக்கும், அது சாய்கிற பக்கம்தான் சிலியாவும் சாயும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் அடித்துகள் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியதுதான்.

செல்லுக்குத் திசை என்று ஒன்று உண்டா சார்? உருண்டையாகத்தானே வரைகிறோம்?

உருண்டையாக வரைவது நம் வசதிக்கு. திசுப் படலத்தில் இருக்கும் செல்லுக்கு மேல், கீழ் உண்டு. மேல்பக்கம் குழாயின் உள்வெளியைப் பார்க்கும், கீழ்ப்பக்கம் அடிப்படலத்தில் ஒட்டியிருக்கும். இது பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் சரியாகச் சொல்லாமல் விடுவது, அந்தப் படலத்தின் தளத்திலேயே அதற்கு இன்னொரு திசையும் உண்டு என்பதை. தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று அந்தச் செல்லுக்குத் தெரியும். பக்கத்துச் செல்லும் அதையேதான் சொல்லும். இதைத் தளத் துருவத்தன்மை என்கிறார்கள். நான் இங்கே திசையொழுங்கு என்றே எழுதுகிறேன், வாய்க்கு எளிது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மேலப்பாளையம் சந்தைக்குப் போங்கள். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் சுழியைப் பார்ப்பார். முதுகில் முடி எல்லாம் வால் நோக்கிப் படிந்திருக்கும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சுழன்று நிற்கும். ஒவ்வொரு முடியும் தோலில் எந்தப் பக்கம் சாய்ந்து வேர்விட வேண்டும் என்பதைக் கருவிலேயே செல்கள் கூடி முடிவு செய்திருக்கின்றன. அந்தப் படிவுகள் ஒன்றையொன்று சந்திக்கிற இடம்தான் சுழி. எலியில் ஃபிரிசில்டு6 என்ற மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், 2004-ல் வெளிவந்த ஆய்வு. முடி முளைத்தது, குறையொன்றும் இல்லை. ஆனால் பாதத்தில், இருக்கக்கூடாத இடத்தில் சுழி விழுந்திருந்தது.

நெற்றிச் சுழி ராசியா என்று கேட்காதீர்கள். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்பதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

மேலிருந்து யாரும் உத்தரவு போடாமல் ஆயிரக்கணக்கான செல்கள் எப்படி ஒரே பக்கம் திரும்புகின்றன?

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? வடத்தின் நடுவில் நிற்பவருக்குத் தேரும் தெரியாது, வடத்தின் முன்நுனியும் தெரியாது. தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும். அவர் முதுகுக்கு நேரே என் முகம், என் முதுகுக்கு நேரே பின்னால் இருப்பவரின் முகம். இந்த ஒன்றை ஒவ்வொருவரும் கடைப்பிடித்தால் போதும், ரத வீதி நெடுக அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள்.

செல்லிலும் இப்படித்தான். முகமும் முதுகும் அங்கே புரதங்கள். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பழ ஈயின் இறக்கை. அதில் ஏறக்குறைய 30,000 செல்கள், செல்லுக்கு ஒரே ஒரு ரோமம், எல்லாம் இறக்கை நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். ஒவ்வொரு செல்லிலும் நுனிப்பக்க விளிம்பில் ஃபிரிசில்டு, டிஷெவல்டு, டியேகோ என்ற புரதங்கள் சேரும். எதிர்விளிம்பில், அதாவது உடம்புப் பக்கம், வான்கோ, பிரிக்கிள் இரண்டும் சேரும். ஃப்ளமிங்கோ என்ற ஆறாவது புரதம் இரு விளிம்பிலும் நின்று அடுத்த செல்லின் ஃப்ளமிங்கோவைக் கைப்பிடிக்கும். என் ஃபிரிசில்டு இருக்கும் விளிம்புக்கு எதிரே, அடுத்த செல்லில் வான்கோ இருந்தாக வேண்டும். ஒரே செல்லுக்குள் இந்த இரண்டு கட்சிக்கும் ஆகாது, ஒன்றையொன்று விரட்டும். அதனால் ஆரம்பத்தில் லேசான சாய்வு இருந்தாலே போதும், அது வளர்ந்து தெளிவான இரண்டு பக்கங்களாகிவிடும்.

பக்கத்துச் செல்லைப் பார்த்துத்தான் திரும்புகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இறக்கையின் நடுவில் ஒரு சிறு திட்டில் மட்டும் ஃபிரிசில்டு இல்லாமல் செய்தார்கள். திட்டுக்கு உள்ளே குழப்பம் வருவதில் ஆச்சரியம் இல்லை. வெளியே, மரபணு முழுசாக இருக்கிற நல்ல செல்களும் தங்கள் ரோமத்தை அந்தத் திட்டை நோக்கித் திருப்பிக்கொண்டன. வான்கோ இல்லாத திட்டு வைத்தால் நேர்மாறு: சுற்றியிருந்தவை திட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பின. வடத்தில் ஒருவர் திரும்பி நின்றால் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரும் தடுமாறுவாரே, அதேதான். திசையொழுங்குப் பாடத்தில் ஒரே ஒரு சோதனைதான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அந்த முதல் சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதுதான் துறையில் இன்னும் சண்டை ஓயாத இடம். ஃபேட், டாக்சஸ் என்ற இரண்டு பெரிய புரதங்கள் திசுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூடிக்குறையும் அளவாக அமைந்து திசை தருகின்றன என்பது ஒரு தரப்பு. டபிள்யூஎன்டி என்ற சுரப்புப் புரதங்கள் என்பது இன்னொரு தரப்பு. வளரும்போது திசு இழுபடுவதே திசை தரும் என்பாரும் உண்டு. உறுப்புக்கு உறுப்பு பதில் மாறலாம் என்பது என் கணிப்பு.

இதில் சிலியா எங்கே வருகிறது?

கடைசியில் வருகிறது. முதுகெலும்பிகளிலும் இதே புரதக் குடும்பம்தான் வேலை செய்கிறது. வான்கோவுக்கு வாங்கிள்1, வாங்கிள்2 என்றும், ஃப்ளமிங்கோவுக்கு செல்சர் என்றும் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். இவை செல்லின் விளிம்பில் முகம், முதுகு பிரித்து வைக்கும். அதைப் பார்த்து ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளும் நுண்குழல்களும் அடித்துகளை ஒரு பக்கமாக நகர்த்தும். நகர்ந்த இடத்தில் சிலியா முளைக்கும், அல்லது ஏற்கெனவே முளைத்தது சாயும்.

செல்லுக்குப் பல சிலியா இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அடித்துகள் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு சிறு புடைப்பு, அடிப்பாதம், நீட்டிக்கொண்டிருக்கும். சிலியா எந்தப் பக்கம் வலுவாக அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது நீட்டும். ஒரு செல்லுக்குள் இருக்கும் 200 அடிப்பாதங்களும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், அந்தச் செல்லும் அடுத்த செல்லும் ஒத்துப்போக வேண்டும். இரண்டில் எது கெட்டாலும் சிலியா அடித்துக்கொண்டே இருக்கும், சளி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

சிலியாதான் செல்லின் திசையைத் தீர்மானிக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே?

அந்த வீடியோக்காரர் மீது தப்பில்லை. ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான் தோன்றியது. 2005-ல் பார்டே-பீடல் நோய்க்கு (ஆறாம் விரல், மாலைக்கண், உடல் பருமன் சேர்ந்து வரும் பிறவி நோய்) காரணமான மரபணுக்களை எலியில் கெடுத்துப் பார்த்தார்கள். இவை அடித்துகளோடும் சிலியாவோடும் சம்பந்தப்பட்டவை. அந்த எலிகளில் சிலவற்றுக்கு இமை மூடாமல் பிறந்தது, சிலவற்றுக்குத் தண்டுவடமாகப் போகும் நரம்புக்குழல் திறந்திருந்தது, உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் திசை மாறி நின்றன. மூன்றும் வாங்கிள்2 கெட்ட எலியில் வருபவை. அப்படியென்றால் சிலியா மேலே, திசையொழுங்கு கீழே என்று பலர் வரிசை போட்டார்கள். அதே ஆண்டில் இன்வர்சின் என்ற சிலியாப் புரதம் டபிள்யூஎன்டி சமிக்ஞையைத் திசையொழுங்குப் பக்கம் திருப்பிவிடும் சுவிட்ச் என்ற ஆய்வும் வந்தது. இரண்டும் சேர்ந்து பேச்சு பலத்துவிட்டது.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே இடித்த விஷயம் ஈ. பழ ஈயின் இறக்கைச் செல்களில் சிலியாவே கிடையாது. அதன் உடம்பில் உணர்வு நரம்புகளிலும் விந்தணுவிலும்தான் அந்த அமைப்பு இருக்கிறது. இறக்கை ரோமம் ஆக்டினால் ஆனது. சிலியா இல்லாமலே முப்பதாயிரம் செல்கள் அத்தனை கச்சிதமாகத் திரும்புகின்றன என்றால், அடிப்படை ஏற்பாட்டுக்குச் சிலியா தேவைப்படாது.

அப்புறம் மீன் வந்தது. சீப்ரா மீனில் ஐஎஃப்டி88 என்ற மரபணுவைத் தாய் தரும் பங்கும் இல்லாமல் முழுசாக நீக்கினால் கருவில் ஒரு சிலியாகூட முளைக்காது. திசையொழுங்கு கெட்ட மீன் கரு குட்டையும் பருமனுமாக நிற்கும்; செல்கள் ஒன்றுக்கொன்று இடையில் நுழைந்து உடல் குறுகி நீள்வது நடக்காது. இந்தச் சிலியா இல்லாத கருவில் அந்தக் குறுகி நீளும் அசைவு ஒழுங்காகவே நடந்தது.

தெளிவான விடையைக் காது தந்தது. எலியின் உள்காதில் அதே ஐஎஃப்டி88-ஐ நீக்கி 2008-ல் பார்த்தபோது மயிர்க்கற்றைகள் திசை தவறி நின்றன, அடித்துகள் இடம் மாறிக் கிடந்தது. ஆனால் வாங்கிள்2 புரதம் எப்போதும்போல ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தது. அதாவது திசை சொல்லியாகிவிட்டது, கேட்டு நிறைவேற்ற வேண்டிய ஆள்தான் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: திசை சொல்வது விளிம்புப் புரதங்கள், கேட்டு நடப்பது அடித்துகளும் சிலியாவும். சிலியாப் புரதங்கள் சில சிலியாவுக்கு வெளியேயும் வேலை பார்க்கின்றன. அதனால் ஒன்றைக் கெடுத்தால் இரண்டும் கெட்டதுபோல் தெரிகிறது. சிலியா திருப்பிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு, மூச்சுக்குழாய்க் கேள்வியில் சொல்கிறேன்.

காதில் உள்ள மயிர்ச்செல்லின் மயிரும் சிலியாதானா?

இல்லை. செல்லின் தலையில் ஆங்கில வி எழுத்து வடிவில் நிற்கும் கற்றை ஆக்டினால் ஆனது. அந்த வியின் முனைக்கு அருகே ஒரே ஒரு உண்மையான சிலியா, கைனோசிலியம், கரு வளரும்போது நிற்கும். முதலில் அது நகர்ந்து போகும், பின்னாலேயே கற்றை அமையும். பாலூட்டிகளின் காக்ளியாவில், அதாவது உள்காதின் சுருளில், பிறகு அது மறைந்துவிடும். வெளி மயிர்ச்செல்கள் மூன்று வரிசை, உள் மயிர்ச்செல்கள் ஒரு வரிசை, எல்லா வியும் காக்ளியாவின் வெளிவிளிம்பைப் பார்க்கும். கற்றை சரியான பக்கம் வளைந்தால்தான் மின்சமிக்ஞை கிளம்பும் என்பதால் திசை பிசகினால் கேட்கும் திறனும் குறையும்.

இதயம் ஏன் இடப்பக்கம் இருக்கிறது? இதற்கும் சிலியாவுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கருவுக்குத் தலை, வால் தெரிந்துவிட்டது. முதுகு, வயிறும் தெரிந்துவிட்டது. இடம் எது, வலம் எது என்று சொல்ல இந்த இரண்டும் போதாது, கண்ணாடியில் பார்த்த பிம்பத்துக்கும் இதே தலை, வால், முதுகு, வயிறு இருக்கும். மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

எலிக் கருவில் ஏழரை, எட்டாம் நாள் வாக்கில் நடுக்கோட்டில் கணு என்ற சிறு பள்ளம் தோன்றும். அதன் தரையில் சில நூறு செல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிலியா. அவை எல்லாம் கடிகாரச் சுற்றில், நொடிக்குப் பத்துச் சுற்று என்ற கணக்கில் சுழலும். ஏன் எல்லாம் கடிகாரச் சுற்று? சிலியாவுக்குள் டைனின் என்ற மோட்டார்ப் புரதம் ஒரே கைப்பக்கமாகத்தான் பொருந்தியிருக்கும். அந்த மூன்றாவது தகவல் இதுதான், மூலக்கூறின் கைப்பக்கம்.

நேராக நின்று சுழன்றால் தண்ணீர் சும்மா சுழலும், ஒரு பக்கம் போகாது. இங்கேதான் திசையொழுங்கு நுழைகிறது. வாங்கிள், டிஷெவல்டு முதலான புரதங்கள் அடித்துகளைச் செல்லின் வால்பக்க ஓரத்துக்கு நகர்த்திவிடும். செல்லின் மேல்பரப்பு குவிந்திருப்பதால், ஓரத்தில் முளைத்த சிலியா வால்பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்து சுழலும்போது சுற்றின் ஒரு பாதியில் அது தரையை ஒட்டிப் போகும், மறுபாதியில் தரையை விட்டு உயரே போகும். தரையை ஒட்டிய திரவம் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நகராது. அதனால் வலப்பக்கம் போகும் தாழ்ந்த வீச்சு வீணாகிறது. இடப்பக்கம் போகும் உயர்ந்த வீச்சுதான் திரவத்தைத் தள்ளுகிறது. மொத்தத்தில் திரவம் வலமிருந்து இடம் பாயும். இடப்பக்கத்துச் செல்களில் நோடல் என்ற மரபணு விழித்துக்கொள்ளும், இதயம் இடப்பக்கம் திரும்பும்.

1998-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோகாவா குழுவினர் இந்த ஓட்டத்தைக் கண்டார்கள். கிஃப்3பி என்ற மரபணு இல்லாத எலியில் கணுவில் சிலியா இல்லை, ஓட்டமும் இல்லை, இதயம் எந்தப் பக்கம் என்பது பூவா தலையா ஆனது. 2002-ல் வேறொரு குழுவினர் இன்னும் ஒரு படி போய், வளர்ப்புத் தட்டில் இருந்த கருவின் மேல் செயற்கையாக எதிர்ப்பக்கம் திரவத்தை ஓடவிட்டார்கள். உறுப்புகள் இடவலம் மாறி அமைந்தன. வாங்கிள்1, வாங்கிள்2 இரண்டும் இல்லாத எலியில் சிலியா முளைக்கும், சுழலவும் செய்யும், ஆனால் அடித்துகள் ஓரத்துக்கு நகராததால் ஓட்டம் ஒழுங்காக வராது. இடவலமும் குழம்பும். திசையொழுங்கும் சிலியாவும் கைகோக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மகளுக்கு ஸ்கேன் எடுத்ததில் பிள்ளைக்கு இதயம் வலப்பக்கம் இருக்கு என்கிறார்கள். பயப்படணுமா அண்ணாச்சி?

இதயம் மட்டும் வலப்பக்கமா, அல்லது ஈரல், இரைப்பை, மண்ணீரல் எல்லாமே கண்ணாடிப் பிம்பம்போல் மாறியிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே சேர்ந்து மாறியிருப்பது பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் வருவது. பலர் அது தெரியாமலே எண்பது வயதுவரை வாழ்கிறார்கள். வேறு காரணத்துக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவரும். பாதி மாறி, பாதி மாறாமல் இருந்தால்தான் இதயத்தின் உள்ளமைப்பிலும் கோளாறு சேர்ந்துவர வாய்ப்பு அதிகம். அதற்குக் கருவின் இதய எக்கோ பார்ப்பார்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பழைய ஸ்கேன் படங்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

பிறந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாம் மாறிப் பிறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிலியாவே அடிக்காத பிறவிக் குறை இருக்கும். கார்டகெனர் என்ற சுவிஸ் மருத்துவர் 1933-ல் மூன்றைச் சேர்த்து எழுதினார்: உறுப்பு இடமாற்றம், சைனஸ் தொல்லை, விரிந்து கெட்ட மூச்சுக்கிளைகள். மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதை 1976-ல் சுவீடனின் அஃப்செலியஸ் விளக்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், அசையாத சிலியா. கணுவில் சிலியா சுழலவில்லை என்றால் இதயம் எந்தப் பக்கமும் போகலாம், அதனால்தான் இந்தக் குறை உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் உறுப்புகள் மாறியிருக்கின்றன.

ஆகவே பிறந்த நாளிலிருந்தே மூக்கடைப்பும் சளி இருமலும் வருஷம் முழுக்க ஓயாமல் இருந்தால், காதில் அடிக்கடி சீழ் வந்தால், ‘வீசிங்’ என்று விட்டுவிடாமல் நுரையீரல் மருத்துவரிடம் சிலியா பற்றிக் கேளுங்கள்.

சூளையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சளி வெளியே வராமல் இருமுவதும் இதனால்தானா?

அது பெரும்பாலும் வேறு. புகையும் தூசியும் பீடியும் இருக்கிற சிலியாவைப் பழுதாக்குகின்றன. திசையொழுங்குக் குறை கருவிலேயே நேர்வது. ஆனால் மூச்சுக்குழாயில் திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல இடம். மூக்கில் சிலியா பின்னோக்கி அடிக்கும், மூச்சுக்குழாயில் மேல்நோக்கி அடிக்கும். இரண்டும் தொண்டையில் சந்திக்கும், அங்கிருந்து விழுங்குகிறோம் அல்லது துப்புகிறோம்.

சிலியா திருப்பிப் பேசும் இடம் என்று சொன்னேனே, அது இதுபோன்ற பலசிலியாச் செல்கள்தான். ஆப்பிரிக்கத் தவளையின் தலைப்பிரட்டைத் தோலில் பார்த்தது இது. முதலில் விளிம்புப் புரதங்கள் தோராயமாக ஒரு திசை தருகின்றன. அடித்துகள்கள் கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் நிற்கும். சிலியா அடிக்கத் தொடங்கியதும் திரவம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை உணர்ந்து அடித்துகள்கள் மேலும் நேராகத் திரும்பிக்கொள்கின்றன. சிலியா அடிக்காத பிறழ்வில் அந்தத் தோராய நிலையிலேயே நின்றுவிடும். எலி மூளையின் உள்ளறைச் சுவரிலும் இதே கதைதான். ஆக, முதல் சொல் புரதங்களுடையது, திருத்தம் ஓட்டத்தினுடையது.

எப்போது வரை திருத்தலாம்? 1920-களிலேயே நீர்நில வாழ்வி கருவின் தோலில் ஒரு துண்டை வெட்டி, திருப்பி ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். இளம் கருவில் திருப்பி வைத்தால் புது இடத்துத் திசையை ஏற்றுக்கொண்டது. கொஞ்சம் தாமதித்துத் திருப்பினால் எத்தனை நாளானாலும் பழைய திசையிலேயே, சுற்றியிருப்பவற்றுக்கு எதிராகவே அடித்தது.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மறைமுகமாக. முதுகுத்தண்டுவடமாகப் போகும் தட்டு குறுகி நீண்டு, மடிந்து, குழாயாக மூட வேண்டும். செல்கள் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று இடையில் நுழைந்தால்தான் தட்டு குறுகி நீளும், அதற்குத் திசையொழுங்கு வேண்டும். வாங்கிள்2 கெட்ட எலியில் தட்டு அகலமாகவே நின்று, தண்டு நெடுக மூடாமல் போகிறது. வாங்கிள்1-இல் மாற்றங்கள் நரம்புக்குழல் குறை உள்ள சில மனிதர்களிலும் 2007-ல் கண்டறியப்பட்டன. சிலியா கெட்டாலும் நரம்புக்குழல் மூடாமல் போகலாம், ஆனால் வழி வேறு. ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை சிலியா வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது, அது குழம்புகிறது. வெளியே பார்க்க ஒரே குறைபோல் தெரிவதால்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

ஃபோலிக் அமிலம் இந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்கிறது என்பது 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலேயே உறுதியானது. ஆனால் குழல் மூடுவது கருத்தரித்து 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போனது தெரிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டை வாங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். முந்தைய பிரசவத்தில் இந்தக் குறை இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு, அதை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருவதும் திசை தவறியதால்தான் என்கிறார்களே?

பாதி உண்மை. குழல் நீள்வாக்கில் வளர வேண்டுமென்றால் செல்கள் நீள்வாக்கில் பிரிய வேண்டும். குறுக்கே பிரிந்தால் குழல் பருத்துவிடும். கட்டி வரும் எலிகளில் பிரியும் திசை சிதறியிருக்கிறது என்று 2006-ல் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் பிகேடி1 மரபணு கெட்ட எலியில் கட்டி தொடங்குவதற்கு முன் பிரியும் திசை சரியாகவே இருந்தது தெரியவந்தது. ஆக, திசை தவறுவதை எல்லா வகைக்கும் மூலகாரணமாகச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு வரும் வகையில் கெடுகிற பாலிசிஸ்டின் புரதங்கள் சிலியாவில் இருப்பவை என்பது மட்டும் உறுதி.

அத்தை மகனுக்கே கொடுக்கிறோம். இந்த நோயெல்லாம் வருமா?

நோயைப் பொறுத்தது. மேலே சொன்ன பெரியவர்களுக்கான சிறுநீரகக் கட்டி நோய் ஓங்கு வகை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் அது மாறாது.

அசையாத சிலியா நோயும் பார்டே-பீடலும் பெரும்பாலும் ஒடுங்கு வகை. கெட்ட பிரதி தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தால்தான் நோய். பொதுவான ஒரு தாத்தாவின் கெட்ட பிரதி இரண்டு வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு சொந்தத்தில் கூடும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிள்ளையின் மரபணுக்களில் சராசரியாக 16-ல் ஒரு பங்கு இப்படி ஒரே மூலத்திலிருந்து இரட்டையாக வந்திருக்கும். தாய்மாமனையே கட்டினால் 8-ல் ஒரு பங்கு. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குப் பிறவியிலிருந்தே சளியும் உறுப்பு இடமாற்றமும் இருந்தாலோ, ஆறாம் விரலோடு மாலைக்கண்ணும் உடல் பருமனும் சேர்ந்து இருந்தாலோ, அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை கேட்டுவிடுவது நல்லது. ஆறாம் விரல் தனியாக இருந்தால் அதற்காக யாரும் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம்.

தவளை அறுப்பதை நிறுத்திவிட்டார்கள். சிலியா அடிப்பதை எங்கள் லேபில் எப்படிப் பார்ப்பது?

குளத்து மட்டி போதும். உயிருள்ள மட்டியின் செவுளிலிருந்து நகக்கண் அளவு துண்டைச் சின்னக் கத்தரியால் வெட்டி, அது கிடந்த குளத்துத் தண்ணீரிலேயே ஒரு சொட்டு விட்டு ஸ்லைடில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும். கவர்ஸ்லிப்பை அழுத்தாதீர்கள். 10 லென்ஸில் செவுளின் விளிம்பைத் தேடிப் பிடித்து 40-க்கு மாற்றுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் தெரியும், புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் தவறே டயஃபிரத்தை முழுக்கத் திறந்து வைப்பது. விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக அலை ஓடுவது தெரியும்.

திசையைப் பார்க்க, பென்சில் முனையைச் சுரண்டிய தூளைத் துளி போடுங்கள். தூள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்லைடை அரைவட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். அம்புக்குறியும் கூடவே திரும்பும், ஏனென்றால் திசை செவுளில் எழுதியிருக்கிறது, தண்ணீரில் இல்லை. ரெக்கார்டில் படம் மட்டும் வரையாமல் இந்த அம்புக்குறியையும் போட்டால் வைவாவில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.